திறந்து கொடுத்தவர்

லப்டொப் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் அவர் உடனே திறக்க மாட்டார். மூடியின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்ப்பார்.

"உது ஆற்றை?"

என்னுடையதுதான் என்று சொன்னால், பாஸ்வேட்டை நீரே அடியும் என்று தள்ளி வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பார். மனைவியுடையது, மகனுடையது, தம்பியுடையது என்றால் அவர்களைக் கூட்டிக்கொண்டு வரச்சொல்வார். வராவிட்டால் வேலை இல்லை. பழுதுபார்க்கிற கடைக்காரர் ஒருவர் இப்படி இருந்தால் கடை எப்படி நடக்கும்?

ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய அஜின்கோர்ட்டில், பிளாசா என்கிற கடைத்தொகுதியில், ஒரே கடைக்குள் நாங்கள் இருவர். முன்பாதியில் நான் விமான டிக்கெட் போடுகிறேன். பின்பாதியில் அவர். நடுவில் தோளுயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு. நான் போனில் விலை பேசுவது அவருக்குக் கேட்கும். அவர் தனக்குள் மாதா பாட்டு முணுமுணுப்பது எனக்குக் கேட்கும். மன்னார்ப் பக்கத்து ஆள். ஒடுங்கின உடம்பு. கடைக்குள்ளும் குளிர்ச்சட்டையைக் கழற்ற மாட்டார். கிழமை நாட்களின் பெயர் போட்ட மாத்திரை வைக்கிற பிளாஸ்ரிக் குளிசைப் பெட்டி ஒன்றில் சின்னச் சின்னத் திருகாணிகளை வைத்திருப்பார். செவ்வாய்க்குள் இருக்கும் ஆணி இன்ன கொம்பனி லப்டொப்புக்கு, வெள்ளிக்குள் இருப்பது இன்னதற்கு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிட்டோம்.

ஒரு சனிக்கிழமை, பெரிய வீடுகள் இருக்கும் ரூஜ் பக்கமிருந்து ஒரு தகப்பன் வந்தார். நல்ல கோட், நல்ல கார். கையில் ஸ்ரிக்கர்கள் ஒட்டிய லப்டொப்.

"மகளின்ரை. பதினெட்டு வயசு. நான்தான் வாங்கிக் குடுத்தனான்."

"மகளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"அவ வரமாட்டா. அதுக்குத்தானே உங்களிட்டைக் கொண்டு வந்தனான்."

"அப்ப திருப்பிக் கொண்டு போங்கோ."

"நீர் ஆர், பெரிய பொலிஸோ? நான் பெத்த பிள்ளை. அவ ஆரோடை கதைக்கிறா எண்டு எனக்குத் தெரியவேணும்."

அண்ணை லப்டொப்பை இரண்டு கையாலும் தூக்கி அவருடைய கையில் வைத்தார். அந்த மனிதர் போகும்போது என்னைப் பார்த்து, "உந்தாளுக்கு என்ன, விசரோ?" என்று கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். அவர் போய் நாலு இடத்தில் சொல்லியிருப்பார். அடுத்த மாதங்களில் பின்பாதிக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

ஆனால் தகப்பனைத் திருப்பி அனுப்பியதைவிட என் மனதில் நிற்பது இன்னொரு நாள். நித்திரையிலேயே இதயம் நின்று இறந்துபோன ஒருவரின் மனைவி வந்திருந்தார். மரணச் சான்றிதழ், மகள், எல்லாவற்றோடும் வந்தார். அந்த அங்கிளின் லப்டொப்பை ஆயத்தம் செய்து கொடுத்தது அண்ணைதான்.

இதைச் சொல்வதற்கு முன் ஒன்றை விளக்கவேண்டும். அவர் எல்லா லப்டொப்பிலும் லினக்ஸ் என்கிற இயங்குதளத்தைத்தான் போடுவார். பழைய பெட்டியும் அதில் ஓடும், காசும் கட்டத் தேவையில்லை. அதில் இரண்டு பூட்டு உண்டு என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். தொடங்கும்போது கேட்கிற பாஸ்வேட் முன்கதவு. அவரைப்போல வேலை தெரிந்தவர்கள் அதை உடைத்துக்கொண்டு உள்ளே போகலாம். உள்ளே ஒரு திறப்புக்கோர்வை, சாவிக்கொத்து மாதிரி, இருக்கிறது. வைஃபை பாஸ்வேட், மெயில் பாஸ்வேட் என்று லப்டொப் ஞாபகம் வைத்திருக்கிறதெல்லாம் அந்தக் கோர்வையில். அதற்கும் தனியாக ஒரு பூட்டுப் போடலாம். போட்டால், போட்டவரைத் தவிர ஒருவராலும் திறக்கமுடியாது. போடாமல் வெறுமையாக விட்டால், முன்கதவை உடைத்து வந்த யாரும் எல்லாத் திறப்பையும் எடுத்து வாசிக்கலாம்.

அங்கிளின் லப்டொப்பில் அண்ணை முன்கதவைத் திறந்தார். படங்கள் வந்தன. கடிதங்கள் வந்தன. பிறகு திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து கோர்வையின் பாஸ்வேட்டைக் கேட்டது. அங்கிளின் மெயிலுக்குப் போகிற வழி அதற்குள்தான் இருந்தது.

"அன்ரி, உதை என்னாலையும் திறக்கேலாது. அப்பிடித்தான் செய்து குடுத்தனான்."

அந்த அம்மா திரையில் இருந்து முகத்தைத் திருப்பினார். "ஆருக்காகத் தம்பி அப்பிடிப் பூட்டினீங்கள்? என்னட்டை இருந்தோ?"

அண்ணை லப்டொப்பை மூடி மகளிடம் நீட்டினார். மகள் தாயைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். அன்று முழுக்கப் பின்பாதியில் பாட்டுச் சத்தமே வரவில்லை.

முதலில் அவர் இப்படி இருக்கவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் அந்தக் கடைக்கு வந்த புதிதில் அவர் பெரிய பகிடிக்காரர். எதைக் கொண்டுபோனாலும் "ஐஞ்சு நிமிசம்" என்பார். மறந்துபோன பாஸ்வேட், பூட்டிக்கிடக்கிற பெட்டி, யாராலும் முடியாது என்று மற்றக் கடைக்காரன் திருப்பிக் கொடுத்தது, எல்லாம் ஐந்து நிமிடம். திறந்ததும் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார், கைதட்டலுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி. புதிதாக வந்த சனத்துக்கு, கந்தோர்கள் கழித்துவிட்ட லப்டொப்புகளை வாங்கித் துடைத்து, லினக்ஸ் போட்டு, மலிவாகக் கொடுப்பார். அவர்களுக்குக் கரைச்சல் இருக்கக்கூடாது என்று திறப்புக்கோர்வைக்குப் பூட்டே போடமாட்டார். "அந்தச் சின்னப் பெட்டி ஒவ்வொருநாளும் வந்து பாஸ்வேட் கேட்டால் சனம் எனக்குத்தான் போன் அடிக்கும். வெறுமையா விட்டாச் சரி. ஆர் போய்ப் பாக்கப்போகினம்?" என்பார்.

அப்படி வாங்கியவர்களில் ஒருத்தி, வயோதிபர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்த இளம்பெண். நாலு வயதுப் பெண்பிள்ளை ஒன்று. லப்டொப் வாங்கிச் சில மாதங்களுக்குப் பிறகு ஒருநாள் தனியாக வந்தாள். கோடைகாலம், ஆனால் கைநீளச் சட்டை போட்டிருந்தாள். லப்டொப் நேரடியாகத் திறக்கிறது, தொடக்கத்திலேயே பாஸ்வேட் கேட்கிற மாதிரிச் செய்து தரமுடியுமா என்று கேட்டாள். அண்ணை இரண்டு நிமிடத்தில் செய்து கொடுத்தார்.

"இப்ப ஒருத்தராலும் திறக்கேலாதுதானே அண்ணை?"

"ஓம் ஓம். பயப்பிடாதையும்."

முன்கதவை மட்டும்தான் அவர் பூட்டினார். உள்ளே கோர்வை வெறுமையாகவே கிடந்தது. அது அவருக்குத் தெரியும். அவள் ஏன் கேட்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

குளிர் தொடங்கிய நேரம் அவளுடைய கணவன் அந்த லப்டொப்போடு வந்தான். அவனை எனக்குத் தெரியும். தாயை ஊருக்கு அனுப்பவும் எடுக்கவும் மூன்று தடவை என்னிடம் டிக்கெட் போட்டவன். மெதுவாகத்தான் கதைப்பான். என்னை அக்கா என்பான். அன்றைக்கு ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்து எனக்கும் அண்ணைக்கும் தந்தான். மனைவி சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள், பாஸ்வேட்டைச் சொல்லாமல் போய்விட்டாள், பிள்ளையின் ஸ்கூல் போர்ம் இதற்குள் இருக்கிறது என்றான்.

அண்ணை ஒரு நிமிடம் யோசித்தார். அவளுடைய முகம் ஞாபகம் வந்திருக்கலாம். "அவவுக்கு ஒருக்கால் போன் அடிச்சுக் கேட்டுப்பாருங்கோவன்" என்றார்.

நான் தடுப்புக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னேன்: "அண்ணை, இவர் எங்கடை ஆள். நல்ல மனுசன். செய்து குடுங்கோ."

அவ்வளவுதான் நான் சொன்னது.

"ஐஞ்சு நிமிசம்" என்றார் அண்ணை.

நாலே நிமிடத்தில் முன்கதவு உடைந்தது. திரையைத் திருப்பிக் காட்டினார். அவன் நன்றி சொன்னான். பிறகு, இவள் வெளியிலே எங்கெங்கே இருந்து இன்ரநெற் பாவித்தவள் என்று பார்க்கமுடியுமா என்று கேட்டான். போர்மை எங்கிருந்து அனுப்பினாள் என்று பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்களாம். அப்படி எந்தப் பள்ளிக்கூடம் கேட்கும்? அந்த நேரம் எனக்கும் அது தோன்றவில்லை. அண்ணை வைஃபை பட்டியலைத் திறந்தார். வீடு. நூலகம். கல்லூரி. அதற்குக் கீழே தெரியாத ஒரு பெயர்.

"உது என்ன?"

"தெரியேல்லை. பாஸ்வேட்டைப் பாத்தாச் சிலவேளை தெரியும்." அண்ணை ஒரு சின்னக் கட்டத்தில் அழுத்தினார். புள்ளிகளாக இருந்தது எழுத்தாக மாறியது. அவர் பெரிதாகச் சிரித்தார். "இஞ்சை பாருங்கோ, வீட்டு நம்பரையும் றோட்டுப் பேரையும் சேத்துப் பாஸ்வேட்டா வைச்சிருக்கினம். கடைசியிலை ஒஷாவா எண்டும் போட்டிருக்கு. உப்பிடியும் மடையர் இருக்கினமே!"

சத்தமாக வாசித்தும் காட்டினார். நானும் சிரித்தேன். ரோல்ஸ் இன்னும் சூடாக இருந்தது.

ஒஷாவா என்கிற ஊரில் அவளோடு படித்த சிநேகிதி ஒருத்தி வாடகைக்கு இருந்தாள். குடியிருக்கிறவர்கள் மறக்காமல் இருக்கட்டும் என்று வீட்டுக்காரர் விலாசத்தையே பாஸ்வேட்டாக வைத்திருந்தார். வீட்டில் படிக்க முடியாமல் அவள் அங்கே போய் இருந்து படித்திருக்கிறாள். கடைசியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, உடுத்திய உடுப்போடு, லப்டொப்பையும் எடுக்காமல் அங்கேதான் ஓடிப் போயிருந்தாள்.

இரண்டாம் நாள் அவன் போனான். கதவைத் திறந்தவள் சிநேகிதி. உள்ளே விடமாட்டேன் என்று வாசலில் குறுக்கே நின்றிருக்கிறாள். அவன் கத்தியால் குத்தினான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் சிநேகிதி இறந்துபோனாள். மனைவி கத்தியைக் கையால் பிடித்ததால் உயிர் தப்பினாள். பிள்ளையைக் குளியலறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். பிள்ளைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

டிக்கெட் எடுக்க வந்த ஒருவர் தன் போனில் செய்தியைக் காட்டியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அண்ணை போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மஞ்சள் நாடா கட்டிய வீடு. கதவுக்குப் பக்கத்தில் நம்பர். அதைப் பார்த்தபடியே அவர் கதிரையில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு மணம் வந்தது. எழுந்து பார்த்தேன். அவர் இருந்த இடத்திலேயே சத்தி எடுத்திருந்தார்.

பொலிஸ் வருவதற்கு முன் அவரே போன் அடித்துச் சொன்னார். இரண்டு பேர் வந்தார்கள். அவருடைய உடைந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார்: அவள் கேட்டது, தான் சொன்ன பொய், வாசித்துக் காட்டியது, சிரித்தது. நான் முன்னால் கம்பியூட்டரைப் பார்ப்பதுபோல இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு யாராவது இருந்தார்களா, ஏதாவது சொன்னார்களா என்று பொலிஸ் கேட்டது.

பக்கத்துக் கடைக்காரி இருந்தவ, போனிலே கதைத்துக்கொண்டிருந்தவ என்றார் அண்ணை.

அவர்கள் என்னிடமும் கேட்டார்கள். நான் ஓம் என்றேன்.

அவர் மேல் குற்றம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். "அப்ப எனக்கு ஒண்டும் இல்லையாமோ?" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். ஏதாவது இருந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்போல.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் தான் விற்ற லப்டொப்புகளைத் தேடிப் போனார். எழுதி வைத்த பட்டியல் ஒன்றும் அவரிடம் இல்லை. இன்ன மூலை உடைந்த பெட்டி இன்னாருக்கு, இன்ன எழுத்துத் தேய்ந்த பெட்டி இன்னாருக்கு என்று ஞாபகத்தில் இருந்து எடுத்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறுவார். வீடு வீடாகப் போய், கோர்வைக்குப் பூட்டுப் போட்டு, சொந்தக்காரரையே பாஸ்வேட் அடிக்க வைத்து, சேமித்த வைஃபை பெயர்களில் தேவையில்லாததை அழித்துவிட்டு வருவார். காசு வாங்கவில்லை. சிலர் தேத்தண்ணி கொடுத்தார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. ஒரு வீட்டில், என் மனைவியின் லப்டொப்பில் உனக்கு என்ன வேலை என்று ஒருவன் படியில் இருந்து தள்ளிவிட்டான். மூன்று கிழமை நொண்டிக்கொண்டு வந்தார். அந்த மனைவிக்கு எப்படி இருக்குமோ என்பதைத்தான் கதைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் உள்ளங்கையை மூடியின் மேல் வைக்கிற பழக்கம் வந்தது.

ஒன்றரை வருடம் கழித்து, ஒஷாவாவில் உயிர் தப்பியவள் வந்தாள். முன்வாசலால் வந்து என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பின்பாதிக்குப் போனாள். வலது கையை மேற்சட்டைப் பைக்குள் வைத்திருந்தாள். இடது கையால் லப்டொப்பை எடுத்து மேசையில் வைத்தாள்.

"வழக்கு முடிஞ்சு பொலிஸ் திருப்பித் தந்தவை. உள்ளுக்கு என்ரை சிநேகிதியின்ரை படங்கள் கிடக்கு. அவளின்ரை அம்மா ஊரிலை இருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறா."

அண்ணை எழுந்து நின்றார். "தங்கச்சி, அவருக்குத் திறந்து குடுத்தது நான்தான்."

"தெரியும்."

"வேறை கடைக்குக் கொண்டு போறதெண்டால் நான்..."

"தெரிஞ்சுதான் வந்தனான்." அவள் கதிரையில் இருக்கவில்லை. "நான் உங்களிட்டைக் கேட்டனான் எல்லோ, ஒருத்தராலும் திறக்கேலாதுதானே எண்டு?"

"ஓம். கேட்டனீர்."

"பிறகு ஏன் திறந்தனீங்கள்? ஆரும் சொன்னவையோ, நல்ல ஆள் எண்டு?"

 தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் தலையைக் குனிந்து கொண்டேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான் திறந்தனான்" என்றார் அண்ணை.

படங்களை முதலில் ஒரு பென்டிரைவில் எடுத்துக் கொடுத்தார். பிறகு முழு லப்டொப்பையும் அழித்துப் புதிதாக லினக்ஸ் போட்டு, முழுவதையும் பூட்டி, கோர்வைக்கும் பூட்டு வைத்தார். பாஸ்வேட் அடிக்கிற நேரம் சுவர்ப்பக்கம் திரும்பினார். அவள் இடது கையின் ஒரு விரலால் அடித்தாள். இரண்டாம் தடவை அதையே அடித்து உறுதிப்படுத்தவேண்டும்; பிழையாய்ப் போனது. மறுபடி முதலில் இருந்து. மூன்று தடவை பிழைத்தது. உதவி செய்யட்டுமா என்று அவர் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. எழுத்துகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் மட்டும் நீண்ட நேரம் கேட்டது.

"நான் இனி உங்கடை கடைக்கு வரமாட்டன் அண்ணை."

"ஓம் தங்கச்சி."

அவள் போனபின் நான் அவரிடம் போனேன். "நான்தானே அண்ணை சொன்னனான். அவவிட்டை ஏன்..."

அவர் என்னைப் பார்க்காமல் ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "நீர் சொன்னதாலை நான் திறக்கேல்லை. எனக்குத் திறக்கத் தெரியும் எண்டு காட்டத் திறந்தனான். நீர் பேசாமல் இரும்."

அதைக் கேட்டதும் எனக்குச் சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தை நான் மறக்கவில்லை.

அடுத்த வசந்தத்தில் அவர் கடையை விட்டுப் போனார். பெட்டிகள் அடுக்குகிற பண்டகசாலை ஒன்றில் வேலை செய்கிறார் என்று கேள்வி. அவருடைய நம்பர் என்னிடம் இருக்கிறது. நத்தார் பண்டிகைக்கு ஒரு தடவை அடித்தேன். "சுகமா இருக்கிறீரோ?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கதைக்கவில்லை. பின்பாதியில் இப்போது ஒரு பெண் புருவம் திருத்துகிறாள்.

போன மாதம், அந்தக் கத்தியைப் பிடித்து உயிர் தப்பியவள் என்னிடம் டிக்கெட் போட வந்தாள். தாயைக் கூப்பிடுகிறாளாம். பிள்ளை வளர்ந்துவிட்டது, கதிரையில் இருந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தது. அவள் பின்பாதியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த அண்ணை இப்ப எங்கை அக்கா? அண்டைக்கு அவரோடை கொஞ்சம் கடுமையாக் கதைச்சுப்போட்டன். ஒருக்கால் கதைக்கவேணும் போலை இருக்கு."

"தெரியாதம்மா" என்றேன்.

"நம்பர் இருக்குமோ?"

"இல்லை."

அவள் இடது கையால் கையெழுத்து வைத்தாள். போட்டு வாறன் அக்கா என்றாள். பிள்ளை எனக்குக் கை காட்டியது.

அவர்கள் இருவரும் கதைத்தால் என் பேச்சு வந்துவிடும் என்று பயந்துதான் கொடுக்கவில்லை. வந்திருக்காது. அந்த மனிதர் சொல்லியிருக்க மாட்டார். அவள் எவ்வளவு கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.